கணினி மெதுவானால் பூட்டைக் கழற்றலாமா?

மாணவர்களே, வீட்டுக் கணினியில் புதிதாக ஒரு பாதுகாப்பு மென்பொருளை நிறுவுகிறோம். அதே நாளில், பல வாரங்களாகத் தள்ளிப்போட்ட விண்டோஸ் புதுப்பிப்புகளையும் ஏற்றி முடிக்கிறோம். நல்ல காரியம்தான். ஆனால், மறுநாள் கணினியைத் திறந்தால் முகப்புத் திரை வருவதற்கே பல நிமிடங்கள் பிடிக்கின்றன. சுட்டியைச் சொடுக்கினால் நீல வளையம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நாளை ஒப்படைக்க வேண்டிய இடுபணியோ பாதியில் நிற்கிறது.

இந்த நேரத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். "அந்த ஆன்டிவைரஸை எடுத்துவிடு, எல்லாம் சரியாகிவிடும்" என்பார் அண்ணன். "அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்திவிடு" என்பான் நண்பன். "கணினிக்கு வயதாகிவிட்டது, புதிது வாங்க வேண்டியதுதான்" என்பார் கடைக்காரர். மூன்றில் ஏதாவது ஒன்று சரியாகவும் இருக்கலாம். ஆனால், எவரும் எதையும் அளந்து பார்த்துச் சொல்லவில்லை. மூன்றுமே ஊகங்கள்தாம்.

தவறான ஊகத்துக்கு விலை உண்டு. நீங்கள் இடுபணி செய்யும் அதே கணினியில்தான் அப்பா வங்கிக் கணக்கைப் பார்க்கிறார். அம்மா மின்கட்டணம் செலுத்துகிறார். குடும்பப் படங்கள் எல்லாம் அங்கேதான் உள்ளன. கதவு மெதுவாகத் திறக்கிறது என்பதற்காகப் பூட்டைக் கழற்றி எறியும் முன், சிக்கல் பூட்டில்தான் உள்ளதா, கீலில் உள்ளதா என்று பார்க்க வேண்டாமா?

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் பாடத்தில் உற்றறிதல், ஊகித்தல், கருதுகோள், மாறி என்றெல்லாம் படித்தது நினைவிருக்கும். ஊசல் குண்டுக்கும் பச்சை இலைக்கும் மட்டும் உரியவை அல்ல அவை. மெதுவான கணினியும் ஓர் ஆராய்வுக்கூடம்தான்.

முதலில் உற்றறிதல்: எது மெதுவாக உள்ளது?

"கணினி ஸ்லோ" என்பது உற்றறிதல் அல்ல, அது புலம்பல். எது, எப்போது, எவ்வளவு மெதுவாக உள்ளது என்று சொன்னால்தான் அது உற்றறிதல். பின்வரும் மூன்றையும் பிரித்துப் பாருங்கள்.

கணினியைத் திறந்தது முதல் பயன்படுத்தும் நிலைக்கு வரும் வரை மட்டும் தாமதமா? அப்படியானால், தொடக்கத்தில் தானாக இயங்கும் செயலிகள் மீது சந்தேகம் விழும்.

கோப்புகளையும் செயலிகளையும் திறக்கும்போது மட்டும் தாமதமா? அப்படியானால் வன்தட்டு, நினைவகம், கோப்புகளைச் சோதிக்கும் பாதுகாப்பு மென்பொருள் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

இணையப் பக்கங்கள் மட்டும் தாமதமா? அதே வைஃபையில் கைப்பேசியைக் கொண்டு அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். கைப்பேசியிலும் தாமதம் என்றால் குற்றவாளி கணினியாக இருக்க வாய்ப்பு குறைவு; இணைய இணைப்பைத்தான் பார்க்க வேண்டும்.

பிறகு கைப்பேசியில் உள்ள நிறுத்துக் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியைத் திறந்து, ஒரு குறிப்பிட்ட ஆவணம் திரையில் தோன்றும் வரை எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்து தாளில் எழுதுங்கள். இந்த ஓர் எண் கையில் இல்லாவிட்டால், பின்னால் நீங்கள் செய்யும் மாற்றம் பயன் தந்ததா என்று சொல்லவே முடியாது.

நெரிசல் ஏற்படும் நான்கு இடங்கள்

கணினியின் வேகம் பெரும்பாலும் நான்கு பகுதிகளைப் பொறுத்தது. கணக்குகளைச் செய்யும் மையச் செயலகம், அதாவது சிபியு. வேலை நடக்கும்போது தரவுகளை வைத்துக்கொள்ளும் நினைவகம், அதாவது ரேம். கோப்புகளை நிரந்தரமாகச் சேமிக்கும் வட்டு. வெளியுலகத்தோடு பேசும் வலையிணைப்பு. நான்கு தடங்கள் உள்ள நெடுஞ்சாலை, சாவடிக்கு அருகில் ஒரே தடமாகக் குறுகினால் என்ன ஆகும்? மற்ற இடங்கள் எவ்வளவு அகலமாக இருந்தாலும் வாகனங்கள் அந்த ஒரு தடத்தின் வேகத்தில்தான் நகரும். கணினியிலும் அப்படித்தான். நெரிசல் எங்கே என்று கண்டுபிடிப்பதே நம் முதல் வேலை.

இந்தப் பகுதிகளின் வேகங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்று தெரிந்தால் பாதிச் சிக்கல் புரிந்துவிடும். ரேமிலிருந்து ஒரு தரவை எடுக்க ஏறத்தாழ 100 நானோவினாடி ஆகும். எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலை வட்டிலிருந்து எடுக்க ஏறத்தாழ 100 மைக்ரோவினாடி. சுழலும் வன்தட்டிலிருந்து எடுக்க 10 மில்லிவினாடி அல்லது அதற்கும் மேல். எல்லாமே நம் கண்ணுக்குச் சிறிய எண்கள். எனவே அவற்றைப் பெரிதாக்கிப் பார்ப்போம். ரேம் எடுக்கும் நேரத்தை 1 வினாடி என்று வைத்துக்கொண்டால், எஸ்எஸ்டி எடுக்கும் நேரம் ஏறத்தாழ 17 நிமிடம். வன்தட்டு எடுக்கும் நேரமோ ஏறத்தாழ 28 மணி நேரம்!

வன்தட்டு ஏன் இவ்வளவு மெதுவானது? அது அசையும் பொறி. பல மடிக்கணினிகளில் உள்ள வன்தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். அதாவது வினாடிக்கு 90 முறை. ஒரு சுற்றுக்கு 11.1 மில்லிவினாடி. தேடும் தரவு படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும், அது 5.6 மில்லிவினாடி. அந்த முனை சரியான தடத்துக்கு நகர மேலும் 10 மில்லிவினாடி அளவு ஆகலாம். கூட்டினால் ஏறத்தாழ 16 மில்லிவினாடி. ஆக, வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும் சிறு தரவுகளை வினாடிக்கு 60 முறை அளவில்தான் எடுக்க முடியும். நகரும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி, இதே வேலையை வினாடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும்.

ரேம் நிரம்பினால் இன்னொரு தொல்லை. இடம் போதாதபோது, விண்டோஸ் ரேமில் உள்ள சிலவற்றை வட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுத்து வரும். 1 வினாடியில் முடியும் வேலை 28 மணி நேர வேலையாக மாறுவதற்கு இதுவும் ஒரு வழி.

பாதுகாப்பு மென்பொருள் என்ன செய்கிறது?

பாதுகாப்பு மென்பொருள் இரண்டு வகையில் வேலை செய்கிறது. முதலாவது நிகழ்நேரக் கண்காணிப்பு. நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கும் கணத்தில், அது இயங்குதளத்துக்கும் கோப்புக்கும் இடையே நின்று, "கொஞ்சம் பொறு, பார்த்துவிட்டு விடுகிறேன்" என்கிறது. பள்ளி வாயிலில் நிற்கும் காவலர் போல. இரண்டாவது முழுச் சோதனை. அது வட்டில் உள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்கும். இலட்சக்கணக்கான கோப்புகள் இருக்கும் என்பதால் மணிக்கணக்கில் நீளலாம்.

பல பாதுகாப்பு மென்பொருள்கள் நிறுவிய கையோடு முதல் சோதனையைத் தொடங்கிவிடுகின்றன. அந்த நாளில் கணினி மெதுவாக இருப்பது இயல்பு. முன்பே சோதித்து நல்லது என்று தெரிந்துகொண்ட கோப்புகளைப் பல மென்பொருள்கள் குறித்து வைத்துக்கொள்ளும். அவை மாறாத வரை மீண்டும் முழுமையாகச் சோதிப்பதில்லை. எனவே முதல் நாள் வேகத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது அவசரம்.

சிக்கல் வருவது இரண்டு காவலர்கள் ஒரே வாயிலில் நிற்கும்போதுதான். முதல் காவலர் கோப்பைத் திறந்து பார்க்கிறார். "யாரோ கோப்பைத் திறக்கிறார்" என்று இரண்டாமவர் அதையே சோதிக்கிறார். ஒரே கோப்புக்கு இரட்டை வேலை. சில வேளைகளில் ஒருவருக்காக மற்றவர் காத்து நிற்க வேண்டியும் வரும்.

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் உடன் வருகிறது. வேறு நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளை முறையாக நிறுவினால், டிஃபெண்டர் பொதுவாகத் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். ஆனால், வெளி நிறுவனங்களின் இரண்டு மென்பொருள்கள் இருந்தால் அப்படி ஒன்றுக்கொன்று வழிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. கணினி வாங்கியபோது சோதனைக் காலத்துக்கு இலவசமாக வந்த மென்பொருள், காலாவதியான பிறகும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். அதை நீக்காமல் புதியதை நிறுவுவதுதான் வீடுகளில் அடிக்கடி நடப்பது.

புதுப்பிப்பு என்ன செய்கிறது?

மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபர் முதல், ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையன்று பாதுகாப்புப் புதுப்பிப்புகளை வெளியிட்டு வருகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை 10 மணிக்கு வெளியாகும்போது, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அடுத்த நாள், புதன்கிழமை அதிகாலை ஆகியிருக்கும். எனவே மாத நடுவில் ஒரு புதன்கிழமையோ வியாழக்கிழமையோ கணினி திடீரென்று திணறினால், நாள்காட்டியையும் ஒருமுறை பாருங்கள்.

"100 விழுக்காடு முடிந்தது" என்று திரை சொன்னதும் வேலை முழுவதும் முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு, பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்துதல், தேடல் அட்டவணையைத் திரும்ப உருவாக்குதல் போன்ற வேலைகள் பின்னணியில் தொடரும். கணினியை மின்னேற்றியோடு இணைத்து, உறங்கவிடாமல் சில மணி நேரம் சும்மா விட்டால் இவை முடிந்துவிடும். நாம் செய்வதோ நேர்மாறு. மெதுவாக உள்ளதே என்று கோபத்தில் உடனே அடைத்துவிடுகிறோம். அடுத்த நாள் திறந்ததும் விட்ட இடத்திலிருந்து வேலை தொடர்கிறது. நாமும் மறுபடி கோபப்படுகிறோம்.

சில புதுப்பிப்புகள் உண்மையிலேயே வேகத்தைக் குறைப்பதும் உண்டு. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற இரண்டு குறைபாடுகள் பற்றிய செய்தி வெளியானது. செயலகத்தின் வடிவமைப்பிலேயே இருந்த குறைகள் அவை. வேகத்துக்காகச் செயலகம் சில வேலைகளை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளும். அந்த வழியாக ரகசியத் தரவுகள் கசியலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஓட்டையை அடைக்க வந்த புதுப்பிப்புகள் அந்த வேக உத்திக்கே கட்டுப்பாடு போட்டன. பழைய செயலகங்கள் உள்ள கணினிகளில் வேகம் உணரத்தக்க அளவு குறையலாம் என்று மைக்ரோசாஃப்டே அப்போது தெரிவித்தது. பாதுகாப்புக்குச் சில வேளைகளில் நேரத்தை விலையாகக் கொடுக்க வேண்டியுள்ளது.

இரண்டும் மோதிய ஒரு நாள்

புதுப்பிப்பும் பாதுகாப்பு மென்பொருளும் தனித்தனியே நன்றாக இருந்து, சேரும்போது மட்டும் சிக்கல் வரலாம். 2019 ஏப்ரல் 9ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை வெளியான விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு, பல கணினிகள் மறுதொடக்கத்தின்போது உறைந்து நின்றன. சில கணினிகள் திறக்க மிக நீண்ட நேரம் எடுத்துக்கொண்டன. சோஃபோஸ், அவாஸ்ட், அவிரா, மெக்காஃபி, ஆர்காபிட் ஆகிய பாதுகாப்பு மென்பொருள்களில் ஒன்று இருந்த கணினிகளில்தான் இந்தச் சிக்கல் தோன்றியது.

விண்டோஸின் உள்ளே இருக்கும் ஒரு முக்கியப் பகுதியில் அப்புதுப்பிப்பு செய்த மாற்றம் முட்டுக்கட்டை நிலையை உண்டாக்கக்கூடும் என்று மெக்காஃபி விளக்கியது. முட்டுக்கட்டை என்றால் என்ன? குறுகலான ஒரு நடைவழியில் எதிரெதிரே வரும் இருவர், "நீங்கள் முதலில் போங்கள்" என்று ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்பதை எண்ணிப் பாருங்கள். இருவரிடமும் குறையில்லை, ஆனால் ஒருவரும் நகர மாட்டார்கள். பாதிக்கப்படக்கூடிய பல கணினிகளுக்கு அப்புதுப்பிப்பு போய்ச் சேராமல் மைக்ரோசாஃப்ட் தற்காலிகமாகத் தடுத்து வைத்தது. பாதுகாப்பு நிறுவனங்கள் தங்கள் மென்பொருளுக்குத் திருத்தங்களை வெளியிட்டன.

எனவே, "குற்றவாளி ஆன்டிவைரஸா, அப்டேட்டா?" என்ற கேள்வியே சில வேளைகளில் தவறான கேள்வி. இரண்டும் சேர்ந்த நிலைதான் காரணமாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

ஆராய்வு: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

எடுத்துக்காட்டுக்காக ஒரு கணினியை வைத்துக்கொள்வோம். 4 ஜிகாபைட் ரேமும் சுழலும் வன்தட்டும் உள்ள மடிக்கணினி. படிவம் 4 மாணவி ஒருத்தி அதை ஆராய்கிறாள். தற்சார்பு மாறி, அவள் செய்யும் மாற்றம். சார்பு மாறி, கணினியைத் திறந்தது முதல் ஆவணம் தோன்றும் வரை ஆகும் நேரம். கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள்: அதே ஆவணம், அதே மின்னேற்றி இணைப்பு, அதே மேசை. ஒவ்வொரு நிலையிலும் மூன்று முறை அளந்து சராசரி எடுக்கிறாள். ஒவ்வொரு முறையும் மறுதொடக்கம் செய்த பிறகே அளக்கிறாள். ஒருமுறை திறந்த ஆவணத்தின் தரவு ரேமில் தங்கியிருக்கும். இரண்டாம் முறை வேகமாகத் திறந்து நம்மை ஏமாற்றிவிடும்.

தொடக்க நிலை: 250 வினாடி.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்கிறாள். சிபியு 22 விழுக்காடு. ரேம் 91 விழுக்காடு. வட்டு 100 விழுக்காடு. வலையிணைப்பு 1 விழுக்காடு. நெரிசல் வட்டில் என்பது தெளிவு. வட்டு 100 விழுக்காடு என்றால் வட்டில் இடம் நிரம்பிவிட்டது என்று பொருளல்ல. ஓய்வே இல்லாமல் வேலை செய்கிறது என்றுதான் பொருள். "டிஸ்க்" என்ற தலைப்பைச் சொடுக்கி, அதிகம் பயன்படுத்துபவை மேலே வருமாறு வரிசைப்படுத்துகிறாள். முதல் இரண்டு இடங்களில் இருப்பவை இரண்டு வெவ்வேறு பாதுகாப்பு மென்பொருள்கள்! ஒன்று புதியது, மற்றது காலாவதியான பழையது.

கருதுகோள்: இரண்டு பாதுகாப்பு மென்பொருள்களும் ஒரே நேரத்தில் வட்டைப் படிப்பதால் நெரிசல் ஏற்படுகிறது.

மாற்றம் 1: பெற்றோரின் அனுமதியோடு பழையதை மட்டும் நீக்குகிறாள். நேரம் 140 வினாடியாகக் குறைகிறது.

மாற்றம் 2: புதிய மென்பொருளின் முதல் சோதனையும் புதுப்பிப்பின் பின்னணி வேலைகளும் முடியட்டும் என்று, கணினியை இரவு முழுவதும் மின்னேற்றியில் விடுகிறாள். காலையில் 95 வினாடி.

மாற்றம் 3: தொடக்கத்தில் தானாகத் திறக்கும் விளையாட்டுச் செயலி, இசைச் செயலி ஆகிய இரண்டையும் நிறுத்துகிறாள். 80 வினாடி.

மொத்தம் 170 வினாடி குறைந்தது. அதில் 110 வினாடி, அதாவது ஏறத்தாழ 65 விழுக்காடு, முதல் மாற்றத்தால் கிடைத்தது. அவள் மூன்றையும் ஒரே நாளில் சேர்த்துச் செய்திருந்தால் கணினி வேகமாகியிருக்கும். ஆனால், ஏன் என்று தெரிந்திருக்காது. அண்ணன் சொன்னபடி புதிய பாதுகாப்பு மென்பொருளை நீக்கியிருந்தாலும் ஓரளவு வேகம் கூடியிருக்கும், அவரும் "பார்த்தாயா!" என்றிருப்பார். வீட்டில் மிஞ்சியிருப்பதோ காலாவதியான பூட்டு மட்டும்.

நீங்கள் பின்பற்ற வேண்டிய வரிசை

1. அளந்து எழுதுங்கள். நாள், நேரம், எத்தனை வினாடி என்று ஒரு தாளில் குறியுங்கள். முக்கியமான கோப்புகளைப் பென்டிரைவில் படி எடுத்து வையுங்கள்.

2. முறையாக மறுதொடக்கம் செய்யுங்கள். "ஷட் டவுன்" செய்து திறப்பதும் "ரீஸ்டார்ட்" செய்வதும் ஒன்றல்ல. விண்டோஸில் விரைவுத் தொடக்க வசதி இயங்கினால், ஷட் டவுன் செய்யும்போது இயங்குதளத்தின் உட்பகுதியின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே மீட்கப்படும். ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அரைகுறையாக நிற்கும் புதுப்பிப்பும் முடிவடையும்.

3. டாஸ்க் மேனேஜரில் நான்கு எண்களைப் பாருங்கள். சிபியு, ரேம், வட்டு, வலையிணைப்பு. எது தொடர்ந்து உச்சத்தில் உள்ளது? பத்து நிமிடம் இடைவெளி விட்டு மீண்டும் பாருங்கள். கணினி திறந்த முதல் சில நிமிடங்களில் எல்லாமே பரபரப்பாகத்தான் இருக்கும்.

4. காவலர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, அமைப்புகளில் பாதுகாப்பு வழங்குநர் பட்டியலைப் பாருங்கள். நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலையும் பாருங்கள். இரண்டு இருந்தால் காலாவதியானதை நீக்குங்கள். முழுமையாக நீங்காவிட்டால், அதை உருவாக்கிய நிறுவனத்தின் இணையத்தளத்தில் நீக்குவதற்கென்றே கருவி உள்ளதா என்று பாருங்கள்.

5. ஓர் இரவு பொறுங்கள். சோதனையும் புதுப்பிப்பும் முடியட்டும். முழுச் சோதனைக்கான நேரத்தை, நீங்கள் பாடம் செய்யாத நேரத்துக்கு மாற்றி வையுங்கள்.

6. வட்டில் எவ்வளவு இடம் மீதமுள்ளது என்று பாருங்கள். புதுப்பிப்புகளுக்கும் ரேமிலிருந்து வரும் தரவுகளுக்கும் காலியிடம் தேவை. தேவையற்ற தற்காலிகக் கோப்புகளை விண்டோஸில் உள்ள வசதியைக் கொண்டே நீக்கலாம்.

7. சூட்டைக் கவனியுங்கள். மடிக்கணினியை மெத்தைமேல் வைத்தால் காற்றுத் துளைகள் அடைபடும். சூடு ஏறினால், செயலகம் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதற்கு எந்த மென்பொருளும் காரணமல்ல. மேசைக்கு மாற்றினாலே போதும்.

8. இத்தனைக்கும் பிறகும் தாமதம் என்றால், புதுப்பிப்பு வரலாற்றைப் பாருங்கள். எந்தத் தேதியில் எந்தப் புதுப்பிப்பு வந்தது என்று அதில் இருக்கும். தாமதம் தொடங்கிய நாளோடு ஒப்பிடுங்கள். அறியப்பட்ட சிக்கல்களின் பட்டியலை மைக்ரோசாஃப்ட் வெளியிடுகிறது. உங்கள் பாதுகாப்பு மென்பொருளுக்கும் புதிய பதிப்பு வந்துள்ளதா என்று பாருங்கள். 2019இல் நடந்தது போல, திருத்தம் எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம்.

இதில் எதுவும் உதவாமல், வட்டு மட்டும் எப்போதும் 100 விழுக்காட்டில் நின்றால், சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்துவது பற்றிப் பெற்றோரிடம் பேசலாம். ரேம் எப்போதும் உச்சத்தில் இருந்தால் ரேமைக் கூட்டலாம். புதிய கணினி வாங்குவது கடைசி யோசனை. எந்தப் பகுதியை மாற்ற வேண்டும் என்று உங்கள் தாளில் உள்ள எண்களே சொல்லும்; கடைக்காரரிடமும் அதைக் காட்டலாம்.

செய்யக் கூடாதவை

புதுப்பிப்புகளை நிரந்தரமாக நிறுத்தாதீர்கள். 2017 மார்ச் 14ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பை வெளியிட்டது. பலர் அதை ஏற்றவில்லை. 59 நாள்கள் கழித்து, மே 12ஆம் தேதி, அதே ஓட்டை வழியாக வான்னகிரை என்ற நச்சுநிரல் நுழைந்தது. ஏறத்தாழ 150 நாடுகளில் 200,000க்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் பல மருத்துவமனைகள் நோயாளிகளின் சிகிச்சை நேரங்களை ரத்து செய்ய நேர்ந்தது. சிங்கப்பூரில் கடைத்தொகுதிகளில் இருந்த மின்னியல் வழிகாட்டிப் பலகையும் தப்பவில்லை. உடனடியாக அமைதி வேண்டுமென்றால், புதுப்பிப்பைச் சில நாள்களுக்கு நிறுத்தி வைக்கும் வசதி விண்டோஸிலேயே உள்ளது. தேர்வு வாரத்தில் அதைப் பயன்படுத்துங்கள். தேர்வு முடிந்ததும் திரும்ப இயக்குங்கள்.

"உங்கள் கணினியை 10 மடங்கு வேகமாக்குகிறோம்" என்று விளம்பரம் செய்யும் அறியாத செயலிகளைப் பதிவிறக்காதீர்கள். ஏற்கெனவே நெரிசலில் தவிக்கும் கணினிக்கு அது இன்னொரு வாகனம். சில வேளைகளில் அதுவே நச்சுநிரல். "உங்கள் கணினி பாதிக்கப்பட்டுள்ளது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று உலாவியில் தோன்றும் எச்சரிக்கையையும் நம்ப வேண்டாம்.

பாதுகாப்பு மென்பொருளால்தான் தாமதமா என்று சோதித்தே ஆக வேண்டுமென்றால், அதற்கும் பாதுகாப்பான முறை உண்டு. பெற்றோரிடம் சொல்லிவிட்டு, வைஃபையைத் துண்டியுங்கள். பென்டிரைவ் எதையும் செருகாதீர்கள். நிகழ்நேரக் கண்காணிப்பைச் சிறிது நேரம் நிறுத்தி, உங்கள் சொந்த ஆவணம் ஒன்றைத் திறந்து நேரத்தை அளந்துகொள்ளுங்கள். கண்காணிப்பை மீண்டும் இயக்கிய பிறகே வைஃபையை இணையுங்கள். வித்தியாசம் ஓரிரு வினாடிதான் என்றால் அது நியாயமான காவல் கூலி. அரை நிமிடம் என்றால், வேறு பாதுகாப்பு மென்பொருளுக்கு மாறலாம். மாறலாம் என்றால், ஒன்றை நீக்கி இன்னொன்றை வைப்பது. எதுவுமே இல்லாமல் இருப்பதல்ல.

சிந்தித்து விடையளியுங்கள்

1. ஒரு வன்தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. அரைச் சுற்றுக்கு எத்தனை மில்லிவினாடி ஆகும்?

2. ஒரு கணினியில் சிபியு 98 விழுக்காடு, ரேம் 45 விழுக்காடு, வட்டு 6 விழுக்காடு. அதற்கு எஸ்எஸ்டி பொருத்தினால் வேகம் கூடுமா?

3. மேலே கண்ட ஆராய்வில், தொடக்கச் செயலிகளை முதலில் நிறுத்தியிருந்தால் அப்போதும் சரியாக 15 வினாடிதான் குறைந்திருக்குமா?

விடைகள்

1. வினாடிக்கு 120 சுற்று; ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிவினாடி, அரைச் சுற்றுக்கு ஏறத்தாழ 4.17 மில்லிவினாடி.

2. இந்தத் தாமதத்துக்கு அதனால் பெரிய பயன் இராது. நெரிசல் செயலகத்தில் உள்ளது. எந்தச் செயலி அதைப் பிடித்து வைத்துள்ளது என்றும் கணினி சூடாகிறதா என்றும் முதலில் பார்க்க வேண்டும்.

3. இருக்க வேண்டிய கட்டாயமில்லை. வட்டில் நெரிசல் கடுமையாக இருந்தபோது அச்செயலிகளும் அதே வரிசையில் நின்றிருந்தன. அப்போது அவற்றை நீக்கியிருந்தால் 15 வினாடிக்கும் அதிகமாகக் குறைந்திருக்கலாம். மாற்றங்களின் வரிசையும் முடிவைப் பாதிக்கும். அதனால்தான் ஒவ்வொரு படிக்குப் பின்பும் அளக்கிறோம்.